மோட்டார் சைக்கிளில் போன என் சைக்கிள்

போன வாரம் லாஸ்பேட்டை சிக்னலில் நின்றிருந்தேன். ஒரு காலேஜ் பையன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். வண்டியின் பக்கவாட்டில் இரும்பு ரேக். அதில் ஒரு சைக்கிளை பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தான். விலை அதிகமான சைக்கிள் போல. நின்றிருந்தவர்கள் எல்லோரும் சைக்கிளைப் பார்த்தார்கள். நான் டயரைப் பார்த்தேன். கையை நீட்டி அமுக்கியும் பார்த்துவிட்டேன்.

"இன்னா ஆயா?" என்றான்.

"ஒண்ணுமில்லப்பா. காத்து இருக்கான்னு பாத்தேன்."

"காத்து இல்லாம வேற இன்னா இருக்கும்?" என்று சிரித்தான். பச்சை விழுந்தது. போய்விட்டான்.

என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கடலூர் ரோட்டில் இருந்த சோதனைச் சாவடி உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். இந்தப் பக்கம் நம் புதுச்சேரி. சாராயக்கடை பகலிலேயே திறந்திருக்கும். அந்தப் பக்கம் தமிழ்நாடு. அப்போது அங்கே மதுவிலக்கு. ஒரு சொட்டு கொண்டு போனாலும் ஜெயில். நடுவில் ஒரு மூங்கில் கம்பும், கீற்றுக் கொட்டகையும், நாலைந்து போலீஸ்காரர்களும்.

நான் ஏழாவதோடு நின்றவள். நீட்டி எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் வீடு குருசுக்குப்பத்தில் இருந்தது. ஒரே அறை. அப்பா இல்லை. கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். மாமாதான் எங்களுக்குச் சோறு. சாராயக்கடையில் பீப்பாய் இறக்குகிற வேலை. குட்டையாக இருப்பார். கை மட்டும் பெரிது. என்னை ஒரே கையில் தூக்கி உட்கார வைப்பார்.

அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த சொல்தா ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தார். அவர் பிரான்சுக்கே போய்விடும்போது அந்த வண்டியை மாமாவுக்குத் தள்ளிவிட்டுப் போனார். வண்டி ஸ்டார்ட் ஆனால் தெருவில் கோழி நிற்காது.

எனக்குப் புதுநன்மை கொடுத்த வருடம் அது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கத்தோலிக்க வேதத்தில் பிள்ளைகள் விவரம் தெரிந்த பிறகு முதல் முதலாகக் கோயிலில் நன்மை வாங்குவார்கள். சாமியார் நாக்கில் அப்பம் வைப்பார், அதுதான் ஆண்டவர். பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன், தலைக்கு வெள்ளை வலை, பூமுடி, வெள்ளை ஷூ. கையில் ரிப்பன் கட்டிய மெழுகுவத்தி. சின்னக் கல்யாணம் மாதிரி இருக்கும். ஆயுசுக்கு ஒரே ஒரு தடவை.

ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்த சிஸ்டர் உயரமானவர். கையில் ஸ்கேல் இருக்கும். ஆனால் அடித்ததில்லை. பேச்சே போதும்.

"நாளைக்கு ஆண்டவர் உங்க நாக்கு மேல வந்து உக்காருவார். அந்த நாக்கால ஒரு பொய் சொன்னீங்கன்னா எழுந்து போயிடுவார். அப்புறம் கூப்பிட்டாலும் வர மாட்டார்."

பின்வரிசைப் பையன் ஒருவன் என் காதில் சொன்னான்: "போறப்ப நாக்க மிதிச்சுட்டுத்தான் போவாரு. கறுத்துடும். எங்க சித்தப்பாவுக்குக் கறுத்திருக்கு, பாத்தியா?"

அவன் சித்தப்பா வெற்றிலை போடுகிறவர். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்க்கிற பழக்கம் வந்தது.

புதுநன்மைக்கு மாமா எனக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். பழையதுதான். பிள்ளைகள் ஓட்டுகிற சின்ன சைக்கிள். சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார். பெயிண்ட் முழுதாகக் காயவில்லை. ஹேண்டில்பாரைத் தொட்டால் விரல் ஒட்டும். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

புதுநன்மை வாங்கினால் சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் போய் ஆசீர்வாதம் வாங்க வேண்டும். அப்பாவின் தங்கை கடலூர்ப் பக்கம் இருந்தாள். அத்தையிடம் சைக்கிளையும் காட்ட வேண்டும் என்று நான் அழுதேன். எனக்கு ஓட்டத் தெரியாது. மாமா கிரில் கடைக்குப் போய் மோட்டார் சைக்கிளின் இடது பக்கம் ஆங்கிள் இரும்பில் ஒரு ரேக் பற்றவைத்து வந்தார். கீழே சக்கரம் உட்கார ஒரு தகரக் கால்வாய், மேலே இரண்டு கொக்கி. சைக்கிளைத் தூக்கி வைத்து, பழைய டியூபைக் கிழித்த வாரால் இழுத்துக் கட்டினார். அம்மா பெட்ரோல் டேங்க் மேல் துண்டை விரித்தாள். நான் அதில் உட்கார்ந்தேன். வலை என் முகத்தில் அடித்தது. நோணாங்குப்பம் பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் மின்னியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது அன்றைக்குத்தான்.

சாவடியில் கூட்டம். பஸ்ஸில் இருந்து எல்லோரையும் இறக்கி விட்டிருந்தார்கள். ஒரு பொம்பளைப் போலீஸ் ஒரு கிழவியின் மடியைத் தடவிக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையின் தொட்டில் துணியை உதறினார்கள். எங்களைப் பார்த்ததும் மீசை வைத்த ஏட்டு எழுந்து வந்தார்.

"இன்னாடா இது, சாமி புள்ள!" என்றார். "எங்கம்மா போற?"

மாமா சொன்னார், புதுநன்மை என்று. ஏட்டுக்கு அது என்னவென்று தெரியவில்லை. என் வெள்ளை உடுப்பையும் மெழுகுவத்தியையும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு என்னைக் கும்பிட்டார்.

"வழி விடுங்கடா. புள்ள வெயில்ல நிக்குது."

கம்பு தூக்கினார்கள். ஒருவரும் எங்களைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு மாமா அத்தை வீடு வரைக்கும் பேசவில்லை. எப்போதும் வழியெல்லாம் பாட்டுப் பாடுகிறவர். சாப்பிடும்போதும் பேசவில்லை. திரும்பி வரும்போதும் பேசவில்லை. சாவடி வந்ததும் மட்டும் வண்டியை மெதுவாக்கி, அந்த ஏட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அம்மா என் கவுனைத் துவைத்து நீலம் போட்டாள்.

"எதுக்கும்மா?" என்றேன்.

"நாளைக்கு அத்த வீட்டுக்குப் போற."

"போன வாரம்தான போனேன்?"

"மறுபடியும் போற."

உள்ளே மாமா கதவைச் சாத்திக்கொண்டு என் சைக்கிளைத் தலைகீழாக வைத்திருந்தார். ஒரு சின்னப் புனல், ஒரு ரப்பர் குழாய். காற்று அடிக்கிற வால்டியூபைக் கழற்றிய ஓட்டை வழியாக டயருக்குள் எதையோ இறக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசனை. கண் எரிந்தது. சாராயம் இல்லை, ஸ்பிரிட். அந்தப் பக்கம் கொண்டு போய்த் தண்ணீர் கலந்தால் பல மடங்கு ஆகும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். மாமா அன்றைக்குப் பீடி பற்ற வைக்கவில்லை.

ஜெபம் சொல்லும் நேரத்தில் நான் சாமி படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். சைக்கிள் பக்கத்தில் நின்றிருந்தது. அம்மா ஜெபத்தை நிறுத்தவில்லை. வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. எழுந்து வந்து, மெழுகுவத்தியைப் பிடுங்கி, வெளியே கொண்டுபோய் மண்ணில் குத்தி அணைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மீதி ஜெபத்தை இருட்டில் சொன்னோம்.

அந்தக் கோடை முழுக்க இப்படித்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கவுன், வலை, பூமுடி. மாமா சைக்கிளை ரேக்கில் தூக்கி வைக்கும்போது மூச்சுப் பிடிப்பார். வண்டி இடது பக்கம் சாயும். நான் டேங்க் மேல் வலது பக்கமாக நகர்ந்து உட்கார வேண்டும். குண்டு குழியில் இறங்கினால் டயருக்குள் களக் என்று கேட்கும். யாருக்கும் கேட்காது. எனக்குக் கேட்கும். சாவடி நெருங்க நெருங்க மாமாவின் நெஞ்சு என் முதுகில் இடிப்பது தெரியும்.

"நீ ஒண்ணும் பேச வாணாம். சிரி. போதும்," என்பார்.

சிரிப்பேன். ஏட்டு ஒவ்வொரு வாரமும் கும்பிடுவார்.

"வாரா வாரமா இப்டி உடுத்துவீங்க?" என்று ஒரு தடவை கேட்டார்.

"எங்க கோயில்ல அப்டித்தான் ஐயா," என்றார் மாமா.

"நல்ல வழக்கம்யா. எங்க புள்ளைங்க குளிக்கிறதே இல்ல."

நான் பேசவில்லை. தலைதான் ஆட்டினேன். தலையாட்டினால் நாக்குக்குச் சேராது என்று நானே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் பார்ப்பேன். சிவப்பாகத்தான் இருந்தது.

மற்ற நாட்களில் சைக்கிள் காலி டயரோடு சுவரில் சாய்ந்து கிடக்கும். காற்று அடிக்க விடமாட்டார்கள். பம்ப்பை அம்மா ஒளித்து வைத்திருந்தாள். டயரில் ஒன்று அது இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றும் இருக்காது. தெருப் பிள்ளைகள் வந்து, "இன்னாடி, உன் சைக்கிள் எப்பவும் மோட்டார் சைக்கிள் மேலயே போவுது? அதுக்குக் கால் வலியா?" என்று கேட்பார்கள். எனக்கு இன்றைக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

ஷூ கடிக்க ஆரம்பித்தது. கவுன் கையிடுக்கில் இறுக்கியது. போக மாட்டேன் என்று ஒரு தடவை சொன்னேன். அம்மா என் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். கோபமாகப் பேசவில்லை.

"மாமா உள்ள போயிட்டாருன்னா அடுப்பு எரியாது. நீ கூடப் போனா அவரு உள்ள போவ மாட்டாரு. அவ்ளோதான். கையத் தூக்கு."

கையைத் தூக்கினேன். கவுனை மாட்டினாள்.

கத்திரி முடிகிற சமயம். சாவடியில் ஒரு புதுப் போலீஸ்காரர் இருந்தார். ஒல்லி, கறுப்பு. சட்டைக் காலருக்குள் கறுப்புக் கயிற்றில் மாதா படம் தைத்த உத்தரியம் தொங்கியது. என் கழுத்தில் இருக்கிற மாதிரியே. எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"புதுநன்மையாம்மா? இன்னைக்கா?"

தலையாட்டினேன்.

அவர் என் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார். பையில் இருந்து ஒரு ஆரஞ்சு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். "எங்க ஊர்ல என் பொண்ணுக்கு அடுத்த வருஷம். எனக்காக வேண்டிக்க. இன்னைக்கு நீ வேண்டுனா நடக்கும்," என்றார்.

கம்பு தூக்கினார்கள். கொஞ்ச தூரம் போனதும் மாமா சத்தமாகச் சிரித்தார்.

"நம்ம வேதக்காரன்! இனிமே பயமே இல்ல!"

மிட்டாய் என் கையில் உருகி ஒட்டியது. நான் தின்னவில்லை. 

அடுத்த சனிக்கிழமை அம்மாவும் மாமாவும் பேசிக்கொண்டதைக் கேட்டேன். நான் அங்கேயேதான் இருந்தேன். எங்கள் வீட்டில் ஒளிந்து கேட்க இடம் கிடையாது.

"அந்தப் போலீசு வேதக்காரன்னா, அவனுக்குத் தெரியாதாடா? மீசைக்காரன் மாதிரியா அவன்?"

"ஒரு தடவ பாத்த புள்ள மூஞ்சி யாருக்குக்கா ஞாபகம் இருக்கும்? எல்லாப் புள்ளையும் வெள்ள கவுன்ல ஒரே மாரிதான் இருக்கும்."

"ரெண்டு வாரம் நிறுத்துடா."

"அந்தப் பக்கம் ஆள் காத்துனு இருப்பான். நிறுத்துனா வேற ஆளப் பாத்துடுவான். இந்த வாரம் போய்ட்டு வந்துடறேன். அப்புறம் பாக்கலாம்."

 அம்மா வாளியில் தண்ணீர் ஊற்றி, நீலப் பொட்டலத்தைப் பிரித்தாள். வேண்டாம் என்று நினைத்தவள்தான். ஆனால் கவுனை முக்கியது அவள் கைதான். இப்போது யோசித்தால், அந்தக் கோடையில் எனக்கு மாமாவை விட அந்த வாளித் தண்ணீர்தான் அதிகமாகக் கண்ணில் வருகிறது.

ஞாயிறு. வெயில் கொளுத்தியது. சூட்டில் டயர் உப்பியிருந்தது. வால்டியூப் பக்கத்தில் லேசாக ஈரம் தெரிந்தது. மாமா அதைத் துண்டால் துடைத்தார். மறுபடி ஈரம் வந்தது. மறுபடி துடைத்தார். பாலம் தாண்டும்போது பாட்டுப் பாடப் பார்த்தார். முதல் வரியோடு நிறுத்திவிட்டார்.

சாவடியில் அந்த ஒல்லிப் போலீஸ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. யாரோ செத்துப்போன செய்தி கேட்டவர் மாதிரி இருந்தார்.

"வண்டிய ஆஃப் பண்ணு," என்றார்.

மாமா நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் ரோடே அடங்கின மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

மீசை ஏட்டு கொட்டகைக்குள் இருந்து வந்தார். "இன்னாய்யா, சாமி புள்ளைய நிறுத்தி வெச்சிருக்க?"

"ஏட்டய்யா, இந்த உடுப்பு புதுநன்மைக்குப் போடறது. புதுநன்மை ஆயுசுக்கு ஒரே தடவதான்."

"ஒரே தடவையா?"

"ஒரே தடவ."

ஏட்டு என்னைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். அவர் கை பாதி கும்பிட்ட மாதிரி தூக்கியிருந்தது. அது அப்படியே நின்றது.

"அப்ப இத்தினி வாரமா?" என்றார்.

 ஒல்லிப் போலீஸ்காரர் என்னைத் தூக்கிக் கீழே இறக்கி விட்டார். என் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவர் கண் என் கண்ணுக்கு நேராக இருந்தது.

"போன வாரம் புதுநன்மைன்னு சொன்ன."

தலையாட்டினேன்.

"தலையாட்டாத. வாயால சொல்லு. ஆண்டவர வாங்குன நாக்கு அது. பொய் சொல்லாது. இந்த டயருக்குள்ள இன்னா இருக்கு?"

இப்போது நினைத்தால், அவர் வால்டியூபைத் திருகியிருக்கலாம். ஒரு நொடி வேலை. என்னைக் கேட்டிருக்கத் தேவையே இல்லை. அவரும் பிள்ளை பெற்றவர்தான். ஆனால் ஏமாந்த கோபம் அவருக்கு எங்கள் மேல் மட்டும் இல்லை, என்னிடம் வேண்டிக்கொள்ளச் சொன்ன தன் மேலும் இருந்தது போலிருக்கிறது.

அன்றைக்கு எனக்கு இரண்டு வார்த்தைதான் இருந்தது. காற்று என்றால் ஆண்டவர் எழுந்து போவார். ஸ்பிரிட் என்றால் மாமா உள்ளே போவார். வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.  மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

"சொல்லும்மா," என்றார் போலீஸ்காரர். குரல் மெதுவாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"சார்," என்றார் மாமா. "அவள உடுங்க. அவளக் கேக்காதீங்க. ஸ்பிரிட்டு. ரெண்டு டயர்லயும்."

ஏட்டு பாய்ந்து வந்து அறைந்தார். "என்னச் செருப்பக் கழட்ட வெச்சியேடா! என்னக் கும்புட வெச்சியேடா!" என்று ஒவ்வொரு அறைக்கும் சொன்னார். மாமா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. பஸ்ஸில் இருந்து இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். யாரோ ஒருவர் கத்தியால் டயரைக் கிழித்தார். ஸ்பிரிட் ரோட்டில் ஓடி, தாரின் சூட்டில் உடனே காய்ந்தது. வாசனை மட்டும் நின்றது.

என்னைப் புதுச்சேரி போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். கண்டக்டரிடம் சொல்லிவிட்டார்கள். அந்தக் கவுனோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டியம்மா தள்ளி இடம் கொடுத்து, "புதுநன்மையாடி கண்ணு?" என்று கன்னத்தைத் தடவினாள். தலைகூட ஆட்டவில்லை.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். நான் மட்டும் வருவதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். நடந்ததைக் கேட்டாள். சொன்னேன்.

"உன்னத்தான கேட்டாங்க?"

"ஆமா."

"காத்துன்னு சொல்றதுக்கு இன்னாடி? ஒரு வார்த்த. காத்துன்னு ஒரு வார்த்த."

அவ்வளவுதான் சொன்னாள். அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா மீன் அறுக்கப் போனாள். கையெல்லாம் செதில். வேலையில்லாத நாளில் அடுப்பும் இல்லை. வண்டியையும் சைக்கிளையும் சாவடிக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தார்கள். பஸ்ஸில் போனால் தெரியும். மழை பிடித்த பிறகு ரேக்கில் கோவைக்கொடி ஏறியது. நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். நன்மை வாங்க எழுந்து போகவில்லை. போகலாமா கூடாதா என்று யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. சிஸ்டர் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை.

வீட்டில் அம்மா என்னிடம் வேலை மட்டும் சொல்வாள். தண்ணி எடு, கதவு சாத்து. தட்டில் சோறு போட்டுத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டாள்.

மழைக்காலம் முடிகிறபோது ஒரு மத்தியானம் மாமா வந்தார். தாடி. அந்தப் பெரிய கை இளைத்துப் போயிருந்தது. ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. ஏட்டு அறைந்த பக்கம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா அழுதாள். அழுதுவிட்டு, என்னைக் காட்டிச் சொன்னாள்.

"இவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருக்குமாடா இது? வாயத் தொறக்கலயே."

"இன்னா?" என்றபடி, நன்றாகக் கேட்கிற காதைத் திருப்பினார்.

"வாயத் தொறக்கலன்னேன்!"

மாமா என்னைப் பார்த்தார்.  நான் கதவோரம் நின்றிருந்தேன். ஓடிவிடலாமா என்று இருந்தது.

"நான்தானக்கா தொறந்தேன்," என்றார். "சோறு போடு. அவளுக்கும் போடு. நீயும் உக்காரு."

அம்மா எழுந்து போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மூன்று தட்டு கொண்டுவந்தாள்.